கீமோ இல்லை என்றால் உடம்புக்குக் கேடு இல்லையா? வாய்ப் புற்றுநோய்க்கான இம்யூனோதெரபி பற்றி

குமரி மாவட்டம் கருங்கல் பக்கத்திலிருந்து நீங்கள் எழுதியதன் சுருக்கம் இது. அப்பாவுக்கு 61 வயது, நெடுநாள் வெற்றிலை புகையிலைப் பழக்கம். கன்னத்தில் வந்த புற்றுக்கு ஆபரேஷனும் ரேடியேஷனும் முடிந்த பிறகு இப்போது கழுத்தில் மறுபடியும் கட்டி. திருவனந்தபுரத்தில் டாக்டர் குறைந்த அளவில் நிவோலுமாப் என்ற இம்யூனோதெரபி ஊசியும் கூடவே மூன்று மாத்திரைகளும் சொல்லியிருக்கிறார். வேண்டுமானால் ஒரு புது மருந்தின் ஆய்வில் சேரலாம் என்றும் சொல்லியிருக்கிறார். சொந்தக்காரர் ஒருவர் "இது கீமோ இல்லை, உடம்பைக் கெடுக்காது" என்கிறார். இன்னொருவர் "ஆளைப் பரிசோதனை எலி ஆக்கிவிடுவார்கள்" என்கிறார். இரண்டில் எது சரி என்று கேட்கிறீர்கள். ஆனால் நீங்கள் எழுதியிருப்பதைப் படித்தால், உள்ளே இருக்கும் கேள்வி வேறு: ஊசி போட்டுவிட்டு எல்லையிலுள்ள களியக்காவிளை தாண்டி வீட்டுக்கு வந்த பிறகு, உடம்பின் எந்தப் பாகத்தில், எப்போது, என்ன ஆகலாம், அதை வீட்டில் இருப்பவர்கள் எப்படிக் கண்டுபிடிப்பது? அதற்குத்தான் பதில் சொல்கிறேன்.

முதலில் சொந்தக்காரர்கள் சொல்வது. இரண்டுமே தவறு. கீமோ மருந்து வேகமாகப் பெருகும் செல்களை அடிக்கும். அதனால் புற்றோடு சேர்த்து முடியின் வேரும், வாய், குடலின் உட்தோலும், எலும்பு மஜ்ஜையும் அடிபடும். எந்த நாளில் ரத்த அணுக்கள் இறங்கும், எந்த நாளில் ஏறும் என்பது கிட்டத்தட்ட முன்கூட்டியே தெரியும். நிவோலுமாப் அப்படி எந்தச் செல்லையும் நேராகக் கொல்வதில்லை. நம் நோயெதிர்ப்புச் செல்களின் மேல் பிடி-1 என்றொரு தடுப்பு இருக்கிறது. சொந்த உறுப்புகளை அந்தச் செல்கள் தாக்காமல் இருக்க இயற்கை வைத்திருக்கும் பிரேக் அது. புற்று அந்த பிரேக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டு தப்பிக்கிறது. மருந்து அந்தப் பிடியை விடுவிக்கிறது. இத்தகைய தடுப்புகளை விடுவித்துப் புற்றுக்குச் சிகிச்சை செய்யலாம் என்று கண்டறிந்ததற்காகத்தான் 2018-இல் ஜேம்ஸ் ஆலிசனுக்கும் தாசுகு ஹோஞ்சோவுக்கும் நோபல் பரிசு கிடைத்தது. பிரேக் விடுபடுவது புற்று இருக்கும் இடத்தில் மட்டும் இல்லை, உடம்பு முழுவதும். ஆகவே தோல், குடல், கல்லீரல், நுரையீரல், தைராய்டு, பிட்யூட்டரி, கணையம், இதயம், மூட்டு, நரம்பு என்று எந்தத் திசுவிலும் அழற்சி வரலாம். முடி கொட்டாது, வாந்தி பெரிதாக இருக்காது. அதைப் பார்த்துத்தான் "கேடு இல்லை" என்ற பேச்சு வருகிறது. கேடு இடம் மாறியிருக்கிறது, காலமும் மாறியிருக்கிறது.

உங்கள் அப்பாவுக்குச் சொன்ன சிகிச்சை நம் நாட்டிலேயே உருவானது. மும்பை டாடா மெமோரியலில், மறுபடி வந்த அல்லது முற்றிய தலை, கழுத்துப் புற்று உள்ள 151 பேரிடம் செய்த ஆய்வில், வாய்வழி மாத்திரைகள் மட்டும் எடுத்தவர்களில் ஓராண்டு கழித்து உயிரோடு இருந்தவர்கள் 16.3 சதவீதம், அதோடு மூன்று வாரத்துக்கு ஒருமுறை வெறும் 20 மி.கி. நிவோலுமாப் சேர்த்தவர்களில் 43.4 சதவீதம். வழக்கமான அளவு இரண்டு வாரத்துக்கு 240 மி.கி.; அதில் பன்னிரண்டில் ஒரு பங்குகூட இல்லாத மருந்தில் கிடைத்த பலன் இது. விலை தாங்காத குடும்பங்களுக்கு இது பெரிய வழி. ஆனால் இது நோயை வேரோடு அறுக்கும் சிகிச்சை என்று யாரும் சொல்லவில்லை. அந்த ஆய்வில் பாதிப் பேர் வாழ்ந்த காலம் 6.7 மாதத்திலிருந்து 10.1 மாதமாக நீண்டது. இந்த எண்ணைத் தெரிந்துகொண்டு முடிவெடுப்பதுதான் அப்பாவுக்குச் செய்யும் மரியாதை என்பது என் எண்ணம்.

"குறைந்த அளவுதானே, பக்கவிளைவும் பன்னிரண்டில் ஒரு பங்குதான் வரும்" என்று கணக்குப் போடாதீர்கள். கீமோவுக்குப் பொருந்தும் அந்தக் கணக்கு இதற்குப் பொருந்தாது. மிகக் குறைந்த அளவிலேயே பிடி-1 தடுப்புகளில் பெரும்பகுதி மருந்தால் நிரம்பிவிடுகிறது. மருந்தும் மெதுவாகத்தான் உடலை விட்டுப் போகும்; பாதி வெளியேறவே மூன்றரை வாரம் ஆகும். எனவே கடைசி ஊசிக்குப் பிறகு மூன்று, நான்கு மாதம் கழித்து வரும் வயிற்றோட்டம்கூட இந்த ஊசியால் வந்ததாக இருக்கலாம்.

அடுத்தது அந்த மூன்று மாத்திரைகள். உங்கள் சீட்டில் உள்ளவை மெத்தோட்ரெக்சேட், செலகாக்சிப், எர்லோட்டினிப். ஊசியை எண்ணிப் பயப்படும் வீடுகளில் இவற்றைச் சாதாரணமாக எடுத்துக்கொள்கிறார்கள். ஆபத்து அதிகம் நேர்வது இங்கேதான். மெத்தோட்ரெக்சேட் வாரத்துக்கு ஒரே ஒரு நாள். சதுர மீட்டர் உடல் பரப்புக்கு 9 மி.கி. என்பது ஆய்வின் அளவு. அப்பாவின் பரப்பு 1.5 என்றால் 13.5 மி.கி. வரும், அதை டாக்டர் கிடைக்கிற மாத்திரைக்கு ஏற்ப முழுமையாக்குவார். இதைத் தினமும் கொடுத்துவிட்டால் ஒரு வாரத்துக்குள் வாய் முழுக்கப் புண், வெள்ளை அணுக்கள் சரிவு, காய்ச்சல், உயிருக்கே ஆபத்து. காலண்டரில் ஒரு கிழமையைக் குறித்து, அன்றைக்குரியதை மட்டும் தனி டப்பாவில் எடுத்து வையுங்கள். மீதி அட்டையை அப்பாவின் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். எர்லோட்டினிப் தினம் 150 மி.கி., வெறும் வயிற்றில், அதாவது சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன் அல்லது இரண்டு மணி நேரம் பின். பான்டோப்ரசோல், ஒமெப்ரசோல் போன்ற கேஸ் மாத்திரைகளும் பீடியும் இதன் அளவை ரத்தத்தில் குறைத்துவிடும். ட்யூப் வழியாக உணவு போகிறதென்றால் இதை எப்படிக் கரைத்துக் கொடுப்பது என்று மருந்தாளுநரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். செலகாக்சிப் 200 மி.கி. காலை, மாலை, கிட்னியையும் பிரஷரையும் கவனிக்க வேண்டிய மருந்து.

இந்த நான்கும் சேரும்போது வயிற்றோட்டம் ஒரு சாதாரண விஷயம் இல்லை. எர்லோட்டினிப்பே வயிற்றைப் போக வைக்கும். நிவோலுமாப் பெருங்குடலில் அழற்சி உண்டாக்கி, பெரும்பாலும் ஐந்தாவது வாரத்திலிருந்து பத்தாவது வாரத்துக்குள், வயிற்றைப் போக வைக்கும். முந்தின நாள் சாப்பிட்ட மீன் கறியும் காரணமாக இருக்கலாம். எதனால் ஆனாலும் உடம்பில் நீர் வற்றும். வற்றினால் செலகாக்சிப் எடுக்கும் கிட்னி சட்டென்று தளரும். கிட்னி தளர்ந்தால் மெத்தோட்ரெக்சேட் வெளியேறாமல் தேங்கும். தேங்கினால் இரண்டு மூன்று நாளில் வாயிலும் குடலிலும் புண் வந்து வயிற்றோட்டம் இன்னும் கூடும். இந்த நேரத்தில் பக்கத்து கிளினிக்கில் கோ-ட்ரைமாக்சசோல் எழுதிக் கொடுத்தால், பாக்ட்ரிம், செப்ட்ரான் என்று கடையில் கிடைப்பது, அது மெத்தோட்ரெக்சேட்டோடு சேர்ந்து எலும்பு மஜ்ஜையைச் சாய்த்துவிடும். ஆகவே வயிறு போக ஆரம்பித்த அன்றே அன்றாட மாத்திரைகளையும் அந்த வார மெத்தோட்ரெக்சேட்டையும் நிறுத்துவதா என்று போன் செய்து கேளுங்கள், ஓஆர்எஸ் கொடுங்கள், எத்தனை முறை என்று நோட்டில் எழுதுங்கள். வழக்கத்தைவிட நாளுக்கு மூன்று முறை வரை கூடினால் லேசானது, நான்கு முதல் ஆறு என்றால் அன்றே டாக்டரிடம் பேச வேண்டியது, ஏழோ அதற்கு மேலோ என்றால் மருத்துவமனையில் சேர்க்க வேண்டியது. ரத்தமோ சளியோ கலந்து வந்தால், தூக்கத்தில் எழுப்பிப் போக வைத்தால், வயிறு கல்லுப்போல் இறுகினால், எண்ணிக்கையைப் பார்க்க வேண்டாம், கிளம்புங்கள். லோபெரமைட் போட்டு நிறுத்திவிட்டு "சரியாகிவிட்டது" என்று இருப்பது மோசமான தவறு. ஓட்டம் நிற்கும், அழற்சி உள்ளே ஓடிக்கொண்டிருக்கும், குடல் ஓட்டையாகும் வரை தெரியாது.

நுரையீரலில் வரும் அழற்சி குறைவான பேருக்குத்தான் வரும், ஆனால் கவனம் வேண்டும். வறட்டு இருமல், மாடிப்படி ஏறினால் புதிதாக மூச்சு வாங்குவது, இவைதான் முதல் அடையாளம். ஒரு பல்ஸ் ஆக்சிமீட்டர் வாங்கி வையுங்கள். உட்கார்ந்திருக்கும்போது ஒருமுறை, முற்றத்தில் ஐந்தாறு நிமிஷம் நடந்த பிறகு ஒருமுறை பாருங்கள். 92-க்குக் கீழே போனாலும், நடந்ததும் மூன்று நான்கு புள்ளி இறங்கினாலும் சி.டி. ஸ்கேன் தேவை, சாதாரண எக்ஸ்ரேயில் ஆரம்ப நிலை தெரியாமல் போகலாம். எர்லோட்டினிப்பும் மெத்தோட்ரெக்சேட்டும் தனியாகவே நுரையீரலைப் பாதிக்கக்கூடியவை. அப்பா விஷயத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு: வாயில் ஆபரேஷனும் ரேடியேஷனும் ஆனவர்களுக்கு விழுங்கும்போது கஞ்சியும் எச்சிலும் மூச்சுக்குழாயில் இறங்கி நிமோனியா வருவது சகஜம். காசநோயும் நம் ஊரில் இருக்கிறது. இவற்றைப் பிரித்துப் பார்க்காமல் ஆன்டிபயாட்டிக் மட்டும் பத்து நாள் கொடுத்துக் காத்திருந்தால் அழற்சி முற்றிவிடும். பார்க்காமல் ஸ்டீராய்டு மட்டும் கொடுத்தால் காசநோய் கிளம்பிவிடும்.

இதயத் தசை அழற்சி நூற்றில் ஒருவருக்குக்கூட வருவதில்லை. வந்தால் உயிருக்கு ஆபத்து மிக அதிகம். பெரும்பாலும் முதல் மூன்று மாதத்துக்குள் வரும். நெஞ்சில் கனம், படபடப்பு, மயக்கம், இவற்றோடு இமை சரிந்து விழுவது, தொடை வலி, எழுந்திருக்க முடியாத தளர்ச்சி சேர்ந்து வந்தால் நேராக ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி போல ஈ.சி.ஜி.யும் ட்ரோபோனின் ரத்தப் பரிசோதனையும் உடனே செய்யக்கூடிய இடத்துக்குப் போங்கள். திருவனந்தபுரம்தான் போக வேண்டும் என்று வழியில் நேரத்தை இழக்க வேண்டாம்.

ஹார்மோன் சுரப்பிகள் சத்தமில்லாமல் கெடும். கழுத்தில் ரேடியேஷன் ஏற்றவர்களுக்குத் தைராய்டு ஏற்கனவே தளர்ந்திருக்க வாய்ப்பு அதிகம், எனவே முதல் ஊசிக்கு முன்பே டிஎஸ்எச் என்ற தைராய்டு ரத்தப் பரிசோதனை பாருங்கள், பிறகு நான்கு முதல் ஆறு வாரத்துக்கு ஒருமுறை. சோர்வு, குளிர், மலச்சிக்கல் எல்லாவற்றையும் "கேன்சர் இருந்தால் அப்படித்தான்" என்று விட்டுவிடுவார்கள்; தினம் ஒரு தைராக்சின் மாத்திரையில் ஆள் எழுந்து உட்காரக்கூடிய விஷயம் அது. ஒரே ஒரு எச்சரிக்கை: பிட்யூட்டரியோ அட்ரினலோ சேர்ந்து கெட்டிருந்தால், அதாவது பிரஷர் இறங்கி, சோடியம் குறைந்து, தலைவலியும் வாந்தியும் இருந்தால், முதலில் ஹைட்ரோகார்ட்டிசோன், அதன் பிறகுதான் தைராக்சின். வரிசை மாறினால் ஆள் சரிந்துவிடுவார். அதேபோல் சர்க்கரை நோயே இல்லாதவருக்குத் திடீரென்று 400, 500 என்று ஏறி, தாகமும் வாந்தியும் மூச்சிரைப்பும் வந்தால் கணையத்தின் இன்சுலின் செல்கள் அழிந்திருக்கலாம். அதற்கு ஸ்டீராய்டு உதவாது. இன்சுலின்தான், பெரும்பாலும் ஆயுள் முழுக்க.

தோலில் அரிப்பும் தடிப்பும் இரண்டு மூன்று வாரத்திலேயே வரலாம். நம் நிறத்தில் சிவப்பு தெரியாது, கருமையாகவோ ஊதாவாகவோ தெரியும். நோயாளியின் உள்ளங்கை, விரல்களோடு, உடல் பரப்பில் ஒரு சதவீதம். பத்துக் கை அளவுக்குள் என்றால் களிம்பு போதும், முப்பதைத் தாண்டினால் அவசரம். கொப்புளம் எழும்பினாலும் தோல் உரிந்தாலும் அளவு பார்க்க வேண்டாம். முகத்திலும் மார்பிலும் முகப்பரு போல வருவது எர்லோட்டினிப்பால். அது பயப்பட வேண்டியதில்லை.

கல்லீரல் பற்றிச் சொல்லும்போது நம் மாவட்டத்துக்கே உரிய ஒன்றைச் சொல்லியாக வேண்டும். புற்று என்று கேள்விப்பட்டதும் யாராவது முள்ளாத்தா (முள் சீத்தா) இலையைப் பறித்துக்கொண்டு வந்து கஷாயம் வைக்கச் சொல்வார்கள். அன்பால்தான் செய்கிறார்கள். சோதனைக் குழாயில் அதன் சாறு புற்றுச் செல்களைக் கொல்கிறது என்பது உண்மை. மனிதர்களுக்கு வாய்ப் புற்று அதனால் குறைந்தது என்பதற்கு நிரூபணம் இல்லை. அதிலுள்ள அன்னோனாசின் நரம்புச் செல்களுக்கு நஞ்சு. அதிகம் உண்ணும் கரீபியத் தீவுகளில் பார்க்கின்சன் போன்ற நோயோடு தொடர்பு பேசப்பட்டிருக்கிறது. இதைவிட நடைமுறைச் சிக்கல் ஒன்று: கல்லீரல் ரத்தப் பரிசோதனையில் எஸ்ஜிபிடி ஐந்து மடங்கு ஏறினால், அது ஊசியாலா, மெத்தோட்ரெக்சேட்டாலா, கஷாயத்தாலா என்று யாராலும் பிரிக்க முடியாது. பலன் தந்துகொண்டிருக்கும் ஊசியைக்கூட நிறுத்த வேண்டி வரும். சித்த வைத்தியரின் மருந்து எதையாவது தொடர்ந்தே ஆக வேண்டும் என்று அப்பா நினைத்தால், பெயரோடும் அளவோடும் புற்றுநோய் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். திட்டுவார் என்று மறைப்பதுதான் கெடுதல்.

இந்த அழற்சிகளுக்கான மருந்து, கடுமையாகும்போது, ஸ்டீராய்டுதான்: கிலோவுக்கு 1 முதல் 2 மி.கி. ப்ரெட்னிசோலோன், அதாவது 50 கிலோ ஆளுக்கு 50 முதல் 100 மி.கி. கேட்கத் தூக்கிவாரிப்போடும் அளவு. ஆனால் குறைத்துக் கொடுத்தால் அடங்காது. மூன்று நாளில் குடல் அடங்கவில்லை என்றால் இன்ஃப்ளிக்சிமாப் என்ற ஊசி உண்டு. கல்லீரல் அழற்சிக்கு அதைத் தவிர்த்து மைக்கோஃபினோலேட் தருவார்கள். தவறு நடப்பது குறைக்கும்போது. நான்கு முதல் ஆறு வாரம் படிப்படியாகக் குறைக்க வேண்டியதை, நன்றாகிவிட்டதே என்று ஒரு வாரத்தில் நிறுத்தினால் அழற்சி முன்னைவிடப் பலமாகத் திரும்பும். ஸ்டீராய்டு நீளும்போது சர்க்கரை ஏறும், பழைய காசநோயும் மஞ்சள்காமாலை பி வைரஸும் விழித்துக்கொள்ளும். அதனால்தான் பி வைரஸைக் காட்டும் ஹெச்பிஎஸ்ஏஜி பரிசோதனையையும் நெஞ்சு ஸ்கேனையும் முதல் ஊசிக்கு முன்பே செய்யச் சொல்கிறார்கள். அதே சமயம், கடையில் டெக்சா போன்ற ஸ்டீராய்டு வாங்கி நீங்களாகக் கொடுக்கவே கூடாது.

உறுதியாகத் தெரிந்தவை இவ்வளவு. இன்னும் வாதத்தில் இருப்பவையும் உண்டு. பக்கவிளைவு வந்தவர்களுக்கு மருந்து நன்றாக வேலை செய்கிறது என்று பல ஆய்வுகளில் தெரிகிறது. ஆனால் அதிக நாள் வாழ்ந்தவர்களுக்குப் பக்கவிளைவு வர அதிக நாள் கிடைத்தது என்பதாலும் அப்படித் தோன்றலாம். ஊசிக்கு முன் ஆன்டிபயாட்டிக் எடுத்தவர்களுக்குப் பலன் குறைகிறது என்பதும் இதே ரகம்; தேவையில்லாமல் எடுக்காதீர்கள், தேவைப்பட்டால் தயங்காதீர்கள். பக்கவிளைவுக்காக ஸ்டீராய்டு கொடுத்தால் புற்றின் மேல் உள்ள பலன் போய்விடுமோ என்ற பயத்துக்கு, இதுவரை உள்ள தகவல்கள் பெரிய ஆதாரம் தரவில்லை. முதல் ஸ்கேனில் கட்டி வீங்கிப் பிறகு சுருங்குவது உண்டு, ஆனால் தலை, கழுத்துப் புற்றில் அபூர்வம். வீக்கம் என்றால் பெரும்பாலும் நோய் வளர்கிறது என்றே பொருள். கட்டி மூச்சுக்குழாய்க்கு அருகில் இருக்கிறதா என்பதை ஸ்கேன் பார்த்தவர்தான் சொல்ல முடியும். குரல் மாறினாலோ மூச்சில் சத்தம் வந்தாலோ அது அவசரம்.

யூட்யூபில் பார்த்ததாகச் சொன்ன, செல்லை எடுத்துத் திருப்பி ஏற்றும் கார்-டி சிகிச்சை அப்பாவுக்கு உரியது இல்லை. ஐஐடி பாம்பேயும் டாடா மெமோரியலும் சேர்ந்து உருவாக்கி 2023-இல் அனுமதி பெற்ற நெக்ஸ்கார்19, சிலவகை ரத்தப் புற்றுக்கும் நிணநீர்ப் புற்றுக்கும்தான். அதன் பாதிப்பு வேறு விதம்: முதல் இரண்டு வாரத்தில் கடும் காய்ச்சல், பிரஷர் இறக்கம், சில சமயம் மூளைத் தடுமாற்றம். அங்கே நர்ஸ் தினமும் நோயாளியை ஒரே வாக்கியத்தை எழுதச் சொல்லிக் கையெழுத்து கோணுகிறதா என்று பார்ப்பார். வாய்ப் புற்று போன்ற கட்டிகளில் இந்த முறை இன்னும் ஆய்வு நிலையில்தான் இருக்கிறது.

இனி டாக்டர் சொன்ன அந்தப் புது மருந்து ஆய்வு. எலி என்ற பேச்சை ஒதுக்கிவிட்டு, அது எந்தக் கட்டம் என்று முதலில் கேளுங்கள். முதல் கட்டம் என்றால் எவ்வளவு மருந்தை உடம்பு தாங்கும் என்று பார்ப்பது. நோய் குறையும் என்ற உறுதி அதில் இல்லை. மூன்றாம் கட்டம் என்றால் இன்றைய சிறந்த சிகிச்சையோடு ஒப்பிடுவது. யாருக்கு எது என்பது குலுக்கலில் முடிவாகும். இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேடான சிடிஆர்ஐயின் பதிவு எண்ணைக் கேட்டு வாங்கி இணையத்தில் பாருங்கள்; 2009 முதல் அந்தப் பதிவு கட்டாயம். ஆய்வுக்காகச் செய்வதற்கு நோயாளியிடம் பணம் வாங்கக் கூடாது என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) 2017 நெறிமுறை. லட்சக்கணக்கில் கட்டணம் கேட்டு "புது ஆய்வு" என்று சொல்லும் இடங்களிலிருந்து விலகி நில்லுங்கள். மருந்து ஆய்வுகளுக்கான 2019 விதிகளின்படி ஆய்வால் உடலுக்குத் தீங்கு நேர்ந்தால் இலவச சிகிச்சையும், உரிய நேரங்களில் இழப்பீடும் உண்டு. எப்போது வேண்டுமானாலும் விலகலாம். விலகினால் வழக்கமான சிகிச்சையை மறுக்கக் கூடாது. பழைய ரேடியேஷன் இடத்தில் புது மருந்து என்ன செய்யும், அந்த நிலையில் உள்ளவர்களில் இதுவரை எத்தனை பேருக்குக் கொடுத்திருக்கிறார்கள், வயிறோ மூச்சோ கெட்டால் ராத்திரி எந்த எண்ணில் யார் எடுப்பார்கள், வண்டிச் செலவு யாருடையது என்று நேருக்கு நேர் கேளுங்கள். நல்ல ஆய்வாளர் இதற்கு முகம் சுளிக்க மாட்டார்.

ஒப்புதல் படிவத்தைத் தமிழில் கேளுங்கள். விளவங்கோடு, கல்குளம் பக்கத்தில் அப்பா வயதுக்காரர்கள் மலையாளம் நன்றாகப் பேசுவார்கள், புரிந்துகொள்வார்கள், ஆனால் பலருக்குப் படிக்க வராது. மலையாளப் படிவத்தில் நர்ஸ் வாயால் சொன்னதை நம்பிக் கையெழுத்துப் போடுவது போதாது. புரியும் மொழியில் எழுத்தில் பெறுவது அவருடைய உரிமை. இரண்டு நாள் வீட்டுக்குக் கொண்டுவந்து படித்துவிட்டு அவரே முடிவு செய்யட்டும். எந்த வழியில் போனாலும், மருந்தின் பெயர், கடைசி ஊசி போட்ட தேதி, மெத்தோட்ரெக்சேட்டின் கிழமை, கோ-ட்ரைமாக்சசோல் கூடாது என்ற குறிப்பு, டாக்டரின் போன் எண் எல்லாவற்றையும் ஒரு அட்டையில் எழுதி லேமினேட் செய்து அப்பாவின் சட்டைப் பையில் ஒன்றும் உங்கள் பர்ஸில் ஒன்றுமாக வையுங்கள். கடைசி ஊசி முடிந்து ஒரு வருஷம் வரைக்கும் அந்த அட்டை பையில் இருக்கட்டும்.